வேலிக்கு அந்தப் பக்கத்துக் கத்தரி

இரண்டாம் குளிர்காலம், கடைசி நாள்.

நேற்றைய பக்கத்தின் தலைப்பில் ‘வசந்தம்’ என்று எழுதிவிட்டேன். தவறு. பெருந்தோட்டத்து அறிவிப்பின்படி நேற்றும் குளிர்காலம்தான். வெயில் முதுகைச் சுட்டுக்கொண்டிருந்ததால் கை தானாக எழுதியிருக்க வேண்டும். கண்ணில் பட்டதை எழுதுவதற்கு முன் அறிவிப்புப் பலகையைப் பார்க்க வேண்டும் என்பது மாலை வகுப்பின் முதல் பாடம். அடித்துத் திருத்திவிட்டேன்.

இன்று பிற்பகல் நடந்ததை எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. நான் முதலிலிருந்து வரிசையாக எழுதினால்தான் யோசிக்க முடிகிற ஆள். ஆகவே முதலிலிருந்து.

செம்பாறை நாடு மலைச்சரிவில் இருக்கிறது. உச்சியில் சுனை, அதன் கீழ் பெருந்தோட்டம், அதற்கும் கீழே நாங்கள் இருக்கும் தெருக்கள். வீட்டுக்கு ஒரு ரோஜாச் செடி உண்டு. ஆட்சியாளரைத் தேர்ந்தெடுப்பது அந்தச் செடியால்தான். வசந்தத்தின் முதல் நாள் காலையில், வயது வந்தவர்கள் தங்கள் வீட்டுச் செடியில் மலர்ந்திருக்கும் பூவைப் பறித்துக்கொண்டு போய், தாங்கள் விரும்புகிறவரின் கூடையில் போடுவார்கள். யார் கூடை நிறைகிறதோ அவர் பெருந்தோட்டக்காரர். பூ இல்லாதவருக்கு வாக்கு இல்லை. இது நியாயம்தான் என்று எல்லோரும் நினைத்தோம். ஒரு செடியைப் பூக்கவைக்கத் தெரியாதவர் நாட்டைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்?

குளிர்காலத்தில் கவாத்து செய்தால்தான் வசந்தத்தில் நல்ல பூ வரும். காய்ந்த கிளை, குறுக்கே போகிற கிளை, பென்சிலைவிட மெலிந்த கிளை எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டும். வெளிப்பக்கம் பார்க்கும் மொட்டுக்குச் சற்று மேலே, சாய்வாக. இதில் எங்கள் நாட்டுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. யாரும் தன் செடியைத் தானே வெட்டுவதில்லை. சொந்தச் செடி என்றால் கை தயங்கும், வேண்டாத கிளையையும் விட்டுவிடும். அதனால் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து வெட்டுவார். அவருடையதை நாம் போய் வெட்டுவோம். வெட்டி முடித்தவருக்கு வீட்டுக்காரர் சுக்குக் காப்பி கொடுக்க வேண்டும். காப்பி கொடுக்காத வீட்டில் பூ வராது என்று பேச்சு.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் மாதேவி அக்கா. தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். எனக்குக் கத்தரி பிடிக்கத் தெரிந்த நாளிலிருந்து அவர் செடியை நான்தான் வெட்டுகிறேன்.

அவருடைய ரோஜாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நிறம் அடர் சிவப்பு. உள்ளங்கை அகலம். தெருவைப் பார்த்துப் பூக்கும். என் செடியும் அதே மண், அதே தண்ணீர். ஆனால் வெளிறிய ரோஸ், தலை தொங்கும், சுவரைப் பார்த்துப் பூக்கும். எரு எப்போது வைத்தேன், எத்தனை குவளை நீர் விட்டேன் என்று நான் எழுதி வைத்திருக்கிறேன். மாதேவி அக்கா ஒன்றும் எழுதமாட்டார். உளுந்து கழுவிய தண்ணீரைப் போகிற போக்கில் ஊற்றுவார். தெருவில் போகிறவர்கள் அவர் வேலியருகே நின்று பார்த்துவிட்டு, மரியாதைக்காக என் பக்கமும் ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்த இரண்டாம் பார்வையைப் போல என்னை எரிச்சலாக்கியது வேறொன்றுமில்லை.

பெருந்தோட்டத்துக்கு அண்டை வீடு கிடையாது. அண்டை வீடு இல்லாததால் அதை வெட்ட ஆளும் கிடையாது. பல வருடங்களாக வெட்டப்படாமல் அங்கே செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் முட்புதராக வளர்ந்து, நுனியில் பொத்தான் அளவுப் பூக்களைக் கொண்டிருந்தன. சென்ற வசந்தத்தில் பெருந்தோட்டக்காரர் பல்லக்கில் தெருவுக்கு வந்தார். மூன்று முறை கூடை நிறைந்து ஆட்சிக்கு வந்தவர். மாதேவி அக்காவின் வேலியருகே பல்லக்கை நிறுத்தச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது என்னவென்று எனக்கு மட்டும் உடனே புரிந்தது. கண்ணாடியில் அதை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் ஆணை அதற்கடுத்த குளிர்காலத்தில் வந்தது. நாடு இதுவரை காணாத வசந்தம் வரப்போகிறது, அதற்காக எல்லோரும் வழக்கத்தைவிட ஆழமாக வெட்டிக்கொள்ள வேண்டும் என்றது அது. பெருந்தோட்டத்துக்கு விலக்கு. அது மக்கள் எல்லோருக்கும் சொந்தமானது, மக்கள்தான் ஏற்கெனவே வெட்டிக்கொள்கிறார்களே, ஒரே தியாகத்தை இரண்டு முறை கேட்பது முறையல்ல என்று விளக்கம் சொல்லியிருந்தார்கள். மக்களுக்குப் பயிற்சி கொடுக்க மாலை வகுப்புகள் தொடங்கின. நான் முதல் வரிசையில் இடம் பிடித்தேன். கவாத்து ஆய்வாளர் சிங்காரநாதர் பாடம் எடுத்தார். உட்காரும்போதுகூட மேல்துண்டின் மடிப்பு கலையாத மனிதர்.

இரண்டாவது ஆணை தண்ணீரைப் பற்றியது. வெட்டிய செடிக்குத் தண்ணீர் குறைவாகப் போதும், வெட்டாத செடிக்கு அதிகம் வேண்டும். ஆகவே மேல்மடையை அடைத்துச் சுனைநீரைப் பெருந்தோட்டத்துக்குத் திருப்பினார்கள். எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த வாய்க்கால் வறண்டது. மாதேவி அக்கா விடிவதற்கு முன் குடத்தோடு ஓடைப் பள்ளத்துக்கு இறங்கினார். மாவு ஆட்ட, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் பள்ளத்துத் தண்ணீர். முதலில் மாலைக் கடையை மூடினார். பிறகு கடை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆனது. அடுத்த வசந்தத்துக்குள் மடை திறக்காவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு மலையிறங்கிப் போய்விடுவேன் என்றார். தெருவில் பாதிப் பேருக்கு அதே நிலைதான். மடைக் காவலராக இருந்து வேலை பறிபோன துரைக்கண்ணு தேர்தலில் நிற்பதாக அறிவித்தபோது, அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: மடைப் பலகையைத் தூக்குவேன். தெரு முழுக்க அவருக்குத்தான் பூ என்று பேசிக்கொண்டார்கள்.

அப்போதுதான் மூன்றாவது ஆணை வந்தது. அதன் பெயர் சமநிலைச் சட்டம். ஒரு வேலியின் இரு பக்கச் செடிகளும் ஒரே உயரம் இருக்க வேண்டும். எது குட்டையோ அதுவே அளவு. எவருடைய செடியாவது அண்டை வீட்டுச் செடியைவிட உயரமாகத் தெரிந்தால் புகார் கொடுக்கலாம். ஆய்வாளர் வந்து அளப்பார், புகார் கொடுத்தவரே வெட்டுவார்.

எங்கள் தெருவின் முதல் புகார் என்னுடையது. நான் பொய் சொல்லவில்லை. மாதேவி அக்காவின் செடி விரல் அளவு உயரமாகத்தான் இருந்தது. சிங்காரநாதர் அளந்து பார்த்து, குடிமைப் பொறுப்புள்ள பெண் என்று என்னைப் பாராட்டினார். நான் வெட்டினேன். அவசரத்தில் இரண்டு விரல் வெட்டிவிட்டேன். இப்போது என் செடி உயரமாகிவிட்டது. மறுநாள் மாதேவி அக்கா போய்ப் புகார் கொடுத்தார். வெட்டும்போது சொன்னார்:

“கோச்சுக்காதடி அல்லி. சட்டம் நமக்கு எதுக்குக் கொடுத்திருக்காங்க, வெட்டிக்கத்தானே?”

காப்பி கொடுத்தேன். பிறகு நான் புகார் கொடுத்தேன். பிறகு அவர். தெருவில் எல்லா வேலிகளிலும் இதே கதைதான். யார் செடி எவ்வளவு என்று கண்ணாலேயே அளக்கும் பழக்கம் எல்லோருக்கும் வந்துவிட்டது. குழந்தை பிறந்த வீட்டுக்குப் போனவர்கள்கூட முதலில் செடியைப் பார்த்துவிட்டுத்தான் தொட்டிலைப் பார்த்தார்கள். வேலியின் கதவுகளைக் கழற்றிவிட்டு முள் அடைத்தார்கள். துரைக்கண்ணுவைப் பற்றியும் மடையைப் பற்றியும் பேச யாருக்கும் நேரமில்லை.

ரோஜாச் செடி என்று நாம் சொல்வது இரண்டு செடி. அடியில் இருப்பது காட்டு ரோஜாவின் வேர். அதன்மேல் நல்ல ரகத்தை ஒட்டியிருப்பார்கள். ஒட்டிய இடம் முழங்கால் முட்டிபோலப் புடைத்திருக்கும். கத்தரி அந்த முட்டுக்கு மேலேயே நின்றுவிட வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நான் எழுந்து, சமநிலை உயரம் ஒட்டுக்குக் கீழே போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். சிங்காரநாதர் கண்ணை மூடி யோசித்தார்.

“ஒட்டு என்பது தாவரத்தின் கருத்து. உயரம் என்பது அரசின் கருத்து. இரண்டில் எது பெரியது என்பதை மாணவர்களே சிந்தித்துப் பார்க்கலாம்.”

அதை அப்படியே குறித்துக்கொண்டேன். அந்த வாரமே மாதேவி அக்காவின் செடியை ஒட்டு முட்டுக்குக் கீழே வெட்டினேன். சிவப்பு ரோஜாவின் கடைசித் துண்டு என் காலடியில் விழுந்தது. எனக்குள் ஏதோ ஒன்று வயிறு நிறையச் சாப்பிட்டதுபோல் இருந்தது. மறுநாள் என் செடியின் முட்டும் போனது. அதற்கும் நான் அவ்வளவாக வருந்தவில்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

வசந்தம் வந்தது. தெருவில் ஒரு செடியிலும் ஒரு மொட்டு இல்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. தெருவில் ஒருவர் வீட்டிலும் பூ இல்லை என்று தெரிந்ததும் எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. வெகுநாளுக்குப் பிறகு அன்று வாசலில் உட்கார்ந்து பேசினார்கள். அப்பாகூட மாதேவி அக்காவின் வேலிப் பக்கம் பார்த்துச் சிரித்தார்.

“நமக்கு இல்லேன்னா என்ன, அவளுக்கும் இல்லையே.”

பெருந்தோட்டத்துக்கு இது சங்கடமாகிவிட்டது. பூ இல்லாமல் தேர்தல் நடத்தினால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். வந்தது வசந்தமே இல்லை என்று நான்காவது ஆணை வந்தது. மக்கள் போதுமான ஆழத்துக்கு வெட்டாததால் குளிர்காலம் முழுமையடையவில்லையாம். ஆகவே இரண்டாம் குளிர்காலம் தொடங்குகிறது. தேர்தல் அதன் முடிவில். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நாங்கள் கம்பளி போர்த்திக்கொண்டு வகுப்புக்குப் போனோம். போர்த்தாதவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இந்த இரண்டாம் குளிர்காலம் இன்றோடு முடிகிறது. நாளை தேர்தல். இன்று பிற்பகல் எங்கள் தெருவில் பூச்சோதனை.

பூச்சோதனை என்றால், நாளை கூடையில் விழப்போகும் பூக்களை முன்கூட்டியே பார்த்து அனுமதிப்பது. பூ வெளியிலிருந்து வாங்கியதல்ல, அந்த வீட்டுச் செடியில் பூத்த ரோஜாதான் என்று வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி சொல்ல வேண்டும். சிங்காரநாதர் குடை பிடித்த சேவகனோடு வந்தார். அவரிடம் ஒரு புதிய செய்தி இருந்தது. எதிர்க்கூடையில் ஒரு பூவும் விழாவிட்டால், மக்கள் ஒருமனதாக இருக்கிறார்கள் என்று பொருள். ஒருமனதான மக்களைத் தேர்தல் வைத்துத் தொந்தரவு செய்யக்கூடாது என்று பெருந்தோட்டக்காரர் கருணையோடு நினைக்கிறாராம். எனவே நாளைக்குப் பிறகு தேர்தல் தேவைப்படாது. மேல்மடையும் இப்போது இருப்பதுபோலவே நிரந்தரமாக இருக்கும்.

வீடு வீடாகப் போனார். பூ இல்லை, பூ இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். என் முறை வந்தது. பூ இல்லை என்றேன். அடுத்து மாதேவி அக்கா. அவர் செடியின்மேல் கவிழ்த்திருந்த இட்லிக் கொப்பரையைத் தூக்கினார்.

வேரிலிருந்து ஒரு புதுத் தண்டு. அதன் நுனியில் ஐந்தே இதழோடு ஒரு வெள்ளைப் பூ. சிறியதுதான். ஆனால் நேராக நின்றது. தெருவைப் பார்த்துப் பூத்திருந்தது.

எல்லோருக்கும் கணக்குப் புரிந்துவிட்டது. ஒரு பூ போதும். அந்த ஒரு பூ துரைக்கண்ணுவின் கூடையில் விழுந்தால், அடுத்த வருடமும் தேர்தல் உண்டு. மடையைப் பற்றிக் கேட்க இன்னொரு நாள் உண்டு. எனக்கும் புரிந்தது. ஆனால் அதற்கு முன்பே எனக்குப் புரிந்தது வேறு: இவ்வளவு வெட்டியும் இவர் வீட்டில்தான் பூத்திருக்கிறது.

சிங்காரநாதர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“வேலிச் சாட்சி சொல்லட்டும். இது ரோஜாவா?”

மாதேவி அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. பூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரோஜா என்றுதான் சொல்வேன் என்பதில் சந்தேகமே இல்லாததுபோல் நின்றார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

“இது ஒட்டுக்குக் கீழே வேரிலிருந்து வந்தது. ஒட்டு ரோஜா இல்லை. காட்டுச்செடி,” என்றேன்.

ஒவ்வொரு சொல்லும் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது. ஒன்றிலும் பிழையில்லை. நான் இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன்.

“துல்லியம்,” என்றார் சிங்காரநாதர். “காட்டுச்செடிக்கு நாட்டில் வாக்கில்லை. அண்டை வீட்டாரே அகற்றிவிடலாம்.” நாளை காலை கூடை வைக்கும் இடத்துக்கு யாராவது புதிதாகப் பூ கொண்டுவந்தாலும், அந்தந்தப் பூவுக்கு அந்தந்த வேலிச் சாட்சி வேண்டும் என்று பொதுவாக அறிவித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்.

வேலியின் முள்ளை விலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். தண்டு மிக மெல்லியது. கத்தரியை அழுத்தவே தேவைப்படவில்லை. கூட்டம் கலைந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. இரண்டு பேர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் எதற்காகத் தட்டினார்கள் என்று எனக்குத் தெரியும்.

திரும்ப வேலிக்கு வந்தபோது மாதேவி அக்கா கூப்பிட்டார்.

“எங்க ஓடுற? உக்காரு. வெட்டினவ காப்பி குடிக்காம போகக்கூடாது.”

வேண்டாம் அக்கா என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. குடத்தைச் சாய்த்தார். அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. விடியற்காலையில் பள்ளத்திலிருந்து தூக்கி வந்தது. அதில் பாதியைக் கொதிக்கவைத்துச் சுக்கு தட்டிப் போட்டு, டம்ளரில் ஊற்றி என் கையில் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். கோபமாக எதையாவது சொன்னால் பதில் சொல்ல நான் தயாராக இருந்தேன்.

“என் செவப்பு ரோஜாவைப் பாத்து உனக்கு எரிச்சல்னு எனக்குத் தெரியும்டி. சின்ன வயசுலேர்ந்தே தெரியும். எனக்குக்கூட உன் எழுத்தைப் பாத்தா அப்படித்தான் இருக்கும். கணக்குச் சீட்டு எழுத இன்னமும் உங்கப்பாகிட்டதான வந்து நிக்கிறேன்,” என்றார். டம்ளரை வாங்கிக்கொண்டார். “ஆனா அந்த வெள்ளப் பூ, அது எங்கிட்ட இருந்துச்சே தவிர என்னோடது இல்லடி.”

வீட்டுக்கு வந்து வகுப்புக்குப் போகாமல் இருந்துவிட்டேன். முதல் முறையாக. அரிசி களைந்த தண்ணீரை வீணாக்க வேண்டாமே என்று என் செடிக்கு ஊற்றப் போனேன். சுவர்ப்பக்கம், நான் பார்க்கவே பார்க்காத பக்கத்தில், வேரிலிருந்து ஒரு தண்டு. நுனியில் மொட்டு. இதழின் வெள்ளை வெளியே தெரிகிறது. காலையில் விரிந்துவிடும்.

உட்கார முடியாமல் தெருவில் நடந்தேன். எல்லா வீட்டுச் செடிமேலும் ஏதாவது கவிழ்ந்திருந்தது. கூடை, அண்டா, உடைந்த பானை. பிற்பகலில் பூ இல்லை என்று சொன்ன வீடுகள்தான். ஒரு வீட்டில் கேட்டேன். கோழி அடைத்திருக்கிறோம் என்றார்கள். அடுத்த வீட்டிலும் கோழிதான். எங்கள் தெருவில் கோழி வளர்ப்பவர் யாரும் இல்லை. எல்லோரும் ஒட்டுக்குக் கீழே வெட்டியவர்கள். எல்லோருடைய வேரும் ஒன்றையேதான் செய்திருக்கிறது. தெரு முழுக்கப் பூ இருக்கிறது. அண்டை வீட்டுக்காரர் பார்த்துவிடக் கூடாதே என்று ஒவ்வொருவரும் மூடி வைத்திருக்கிறார்கள். இன்று நான் சாட்சி சொன்ன விதத்தைப் பார்த்த பிறகு, திறந்து காட்டுகிற துணிச்சல் யாருக்கு வரும்?

என் பூவுக்கு வேலிச் சாட்சி மாதேவி அக்காதான். ரோஜா என்றும் சொல்லலாம், காட்டுச்செடி என்றும் சொல்லலாம். காட்டுச்செடி என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. சொற்களும் நான் கொடுத்தவைதான். அவர் அப்படிச் சொல்லிவிட்டால் கத்தரியை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் சுக்குக் காப்பிக்கு அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்.

மூடிவைத்தால் யாருக்கும் தெரியாது. அதையும் யோசித்தேன். எழுதிவிட்டேன்.

நாளை செய்ய வேண்டியது: விடிவதற்கு முன் ஓடைப் பள்ளத்துக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வர வேண்டும். விடிந்ததும், தெரு பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வேலியின் முள்ளை எடுத்துவிட்டு மாதேவி அக்காவைக் கூப்பிட்டு என் செடியைக் காட்ட வேண்டும்.